ஐஸின் மேல் விரித்த கம்பளம்

என் மகள் ஆரணி விளையாடிய ஐஸ் ஹொக்கி மட்ச் ஒன்றைக்கூட நான் முழுதாகப் பார்த்ததில்லை. சுவிஸில் இருந்தபோது கூடப் போவேன். அவள் ஐஸில் இறங்கியதும் நான் வெளியே வந்து கார் நிறுத்துமிடத்தில் நிற்பேன். உள்ளே மைதானத்தைச் சுற்றி அடித்த பலகையில் ஆள் மோதுகிற சத்தம் கேட்கும். எந்தச் சத்தமும் ஆரணி என்றுதான் எனக்குப் படும். அவளை ரொறன்ரோவில் ஒரு கல்லூரி தன் பெண்கள் அணிக்கு எடுத்த பிறகு மட்ச் கொம்பியூட்டரில் வரத் தொடங்கியது. இவர் சோபாவில் இருந்து பார்ப்பார். நான் குசினியில் நின்றபடி, "விழுந்திட்டாளே?" என்று கேட்பேன். "எல்லாரும்தான் விழுகினம், நீர் கறியைப் பாரும்" என்பார்.

அப்படிப்பட்ட நான் இந்த மாசியில் தனியாக விமானம் ஏறினேன். காரணம் ஒரு கம்பளம். நாலாம் வருசப் பிள்ளைகள் படிப்பை முடிக்கிற பருவத்தில், சொந்த இடத்தில் விளையாடுகிற கடைசி மட்சுக்கு முன்னால், ஐஸின் மேல் சிவப்புக் கம்பளம் விரிப்பார்கள். பிள்ளை தன் தாய் தகப்பனோடு அதில் நடந்து வர, பேரைச் சொல்லிக் கை தட்டுவார்கள். பின்லாந்து, ஜப்பான், செக் என்று வெளிநாடுகளில் இருந்து வந்த பிள்ளைகளுக்குப் பெற்றோர் வர முடியாவிட்டால், குடியிருக்கிற வீட்டுக்காரரோ ஒரு ஆசிரியரோ கூட நடப்பார்களாம். "நான் ஆரோ ஒரு மனிசியோடை நடக்கமாட்டன் அம்மா. நீங்கள் வாங்கோ" என்று ஆரணி ரெலிபோனில் சொன்னாள். பனிச்சறுக்குக் காலத்தில் இவருக்கு ரெஸ்ரோரன்ரில் லீவு கிடைக்கவில்லை. நான் வேலை செய்கிற ஓட்டல் லோண்ட்ரியில் எனக்குக் கிடைத்தது.

அந்த லோண்ட்ரியால்தான் அவள் ஹொக்கிக்கே போனாள். எங்கள் ஊர் ஐஸ் மைதானம் ஓட்டலுக்குப் பின்பக்கம். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையை நான் வேலை முடியும்வரை எங்கே வைத்திருப்பது? மைதானத்துக் காவல்காரர் ஒரு பழைய சறுக்குச் சப்பாத்தைக் கொடுத்து உள்ளே விட்டார். நான் விரிப்புகளை மடித்துக்கொண்டே யன்னலால் பார்ப்பேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவளின் மகள் விளையாட்டாலேயே பல்கலைக்கழகப் படிப்புக்குப் போவாள் என்று அப்போது யார் கண்டது?

விமானம் தரையைத் தொட்டபோது எனக்குப் பக்கத்தில் இருந்தவர் கை தட்டினார். நான் கண்ணை மூடியிருந்தேன். குடிவரவு அலுவலர் ஏதோ கேட்டார். "டோட்டர், ஹொக்கி" என்றேன். அவர் முகம் மலர்ந்து முத்திரை குத்திவிட்டார். அந்த நாட்டில் நான் சொன்ன ஆங்கிலம் ஒரே தடவையில் விளங்கியது அங்கே மட்டும்தான்.

வெளியே ஆரணி இல்லை. இவருடைய தங்கை இந்திரா மச்சாள் மட்டும் தடித்த கோட்டோடு நின்றா.

"வாங்கோ மச்சாள். என்ன, சுவிஸ் சொக்லேற் கொண்டந்தனீங்களோ, இல்லாட்டித் திருப்பி அனுப்பட்டோ?"

"பிள்ளை எங்கை?"

"உவள் ரெலிபோன் எடுக்கிறாள் இல்லை. மைதானத்திலை ரெயினிங்கா இருக்கும். வாங்கோ, பார்க்கிங்குக்குக் காசு அறவிடப்போறான்."

காரில் ஏறிய பிறகுதான் ஆரணி எடுத்தாள். நித்திரையில் இருந்து எழும்பிய குரல். "அம்மா, நீங்கள் நாளைக்கெல்லோ வாறீங்கள்?"

முதல் நாள் மாலைதான் நேரத்தை இரண்டு தரம் சொல்லியிருந்தேன். அவள் ஓம், ஓம் என்று கேட்டிருந்தாள். பரீட்சைக் காலம், களைப்பு என்று மச்சாள் சொன்னா. நானும் அப்படி நினைக்கப் பார்த்தேன்.

மச்சாளின் வீடு ரெக்ஸ்டேலில். மேலே அவவும் மகனும், கீழே பேஸ்மென்ரில் எனக்குக் கட்டில். சுவிஸ் குளிர் காய்ந்த குளிர், வெயிலும் இருக்கும். இங்கே வானம் ஈரத் துணி மாதிரித் தாழத் தொங்கியது. வீதியோரத்துப் பனி கறுத்து, உப்பும் சேறுமாகக் கிடந்தது. மச்சாள் பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுஸில் பெட்டி அடுக்குகிறா. வந்த களைப்போடு எனக்குப் புட்டும் சூடைமீன் குழம்பும் வைத்துத் தந்தா. சுவிஸில் இந்த ருசி கிடைக்காது. நான்தான் பாதியோடு நிறுத்திவிட்டேன்.

அடுத்த நாள் மச்சாளுக்கு வேலை. எந்த பஸ் என்று எழுதித் தந்துவிட்டுப் போனா. எங்கள் ஊரில் பஸ் நிற்கிற இடத்தில் ஒரே பக்கம்தான், மற்றப் பக்கம் மலை. இங்கே வீதி கடல் போல. நான் நின்றது பிழையான பக்கம். பஸ் வந்தது, ஏறப் போனேன். தலையை மூடிக் கட்டியிருந்த ஒரு சோமாலியப் பெண் என் கையில் இருந்த துண்டைப் பார்த்துவிட்டு, சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, வீதியைக் கடக்கப்பண்ணி மற்றப் பக்கத்தில் விட்டாள். அவளுடைய பஸ் போய்விட்டது. "என் அம்மாவும் இப்படித்தான்" என்கிற மாதிரி ஏதோ சொன்னாள். நன்றி சொல்ல வாய் திறந்தேன், வந்தது சுவிஸில் பழகிய ஜெர்மன்.

ஆரணியின் அறை கல்லூரிக்குக் கிட்ட, பழைய வீடொன்றின் மேல்மாடியில். கூட இருப்பவள் ஐனோ. பின்லாந்துப் பிள்ளை, அணியின் கோலி, கோல் வலையைக் காப்பவள். வெள்ளைத் தலைமயிரும் பெரிய தோள்களுமாகக் கதவைத் திறந்தவள், பள்ளிக்கூடத்தில் படித்த ஜெர்மனில் எனக்கு வணக்கம் சொன்னாள். எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது.

அறை இருட்டு. யன்னலில் கம்பளிப் போர்வையை ஆணி அடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். ஆரணி என்னைக் கட்டிப்பிடித்தாள். உள்ளே இருந்தும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள்.

"ஏன் பிள்ளை கண்ணாடி?"

"ஐஸ் வெளிச்சம் அம்மா. கண் கூசுது."

"போர்வை?"

"குளிர்."

"தலைமாட்டிலை ஏன் வாளி?"

அவள் கூரையைப் பார்த்தாள். "ஒழுகும்" என்றாள். கூரையில் ஈரத்தின் அடையாளம் ஒன்றும் இல்லை. ஐனோ குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினாள். கட்டியதை அவிழ்த்துத் திரும்பவும் கட்டினாள்.

நான் கொண்டுபோன தட்டை வடையைக் கொடுத்தேன். பெட்டியைத் திறந்தால் சண்டை போடுகிற பிள்ளை, ஒன்றை எடுத்துக் கடித்து, மென்று, அப்படியே கையில் வைத்திருந்தாள். கடிக்கிற சத்தம் தலைக்குள் கேட்குதாம். மிச்சத்தை ஐனோ தின்றாள்.

மூன்றாம் நாள் விட்பி என்ற ஊரில் மட்ச். மச்சாள் லீவு போட்டுக் கூட்டிப்போனா. நெடுஞ்சாலையில் பனி குறுக்காக அடித்தது. முன்னால் போன ட்ரக் எறிந்த சேறு கண்ணாடியை மூட, துடைக்கிற தடி பாதியில் நின்றுவிட்டது. மச்சாள் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி ஓட்டினா. எனக்குத் தெரிந்த கடவுள் எல்லாரையும் கூப்பிட்டேன்.

"மச்சாள், நீங்கள் கும்பிடுறதெண்டால் மனசுக்குள்ளை கும்பிடுங்கோ. எனக்குக் கை நடுங்குது."

நாங்கள் போய்ச் சேர மட்சின் கடைசிப் பகுதி தொடங்கியிருந்தது. ஒருவர் கிழங்குப் பொரியலுக்கு மேல் குழம்பும் வெண்ணெய்க்கட்டியும் போட்டு விற்றுக்கொண்டிருந்தார். மச்சாள் ஒரு கோப்பை வாங்கி எனக்கும் முள்ளுக்கரண்டி தந்தா. எங்களுக்கு முன் வரிசையில் வாட்டசாட்டமான இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். பள்ளிக்கூட வயது. அடுத்த பருவத்துக்கு எடுப்பதற்காகச் சுவீடனில் இருந்து கூப்பிட்டுக் காட்டுகிறார்களாம். அணியின் உதவிக் கோச் ஒவ்வொருவராகக் கை நீட்டி விளங்கப்படுத்தினார். ஆரணி வந்தபோதும் நீட்டினார். மச்சாள் மொழிபெயர்த்தா: "இந்த இடந்தான் காலியாகுது எண்டு சொல்லுறார்."

இந்தமுறை வெளியே போகவில்லை. கண்ணை மூடாமல் இருந்தேன். அதனால்தான் கண்டேன். விளையாடுகிறவர்கள் அடிக்கடி மாறுவார்கள். களைத்தவர்கள் கரையில் தங்கள் அணி இருக்கிற வாங்குக்கு ஓட, அங்கே இருக்கிறவர்கள் பலகையால் பாய்ந்து வருவார்கள். ஆரணி மாறவேண்டிய நேரம் வந்தது. அவள் வேகமாகச் சறுக்கிப் போய்க் கதவைத் தட்டினாள். அது எதிரணியின் வாங்கு.

சனம் சிரித்தது. எதிரணிப் பிள்ளை ஒருத்தி கதவைத் திறந்துவிட்டு, வா, இரு என்கிற மாதிரிக் கையைக் காட்டினாள். சிரிப்பு இன்னும் கூடியது. மச்சாளும் சிரித்துவிட்டா. ஆரணி அந்தக் கதவின் முன்னால் அசையாமல் நின்றாள். ஒரு வீட்டுக்குப் போய், கதவு திறந்த பிறகு, இது யாருடைய வீடு என்று யோசிக்கிற ஆள் மாதிரி நின்றாள். ஐனோ கோலை விட்டு வெளியே வந்து தடியால் ஐஸை அடித்தாள். அந்தச் சத்தத்துக்குத்தான் திரும்பினாள்.

கிழங்கு என் மடியில் ஆறிப்போயிருந்தது.

அந்த மட்ச் தோல்வி. அந்தப் பருவம் முழுக்கவே அப்படித்தான்: இரண்டு வென்றால் மூன்று தோற்பது. ஆனாலும் புதன்கிழமை சொந்த மைதானத்தில் நடக்கிற கடைசி மட்சை வென்றால் அடுத்த சுற்றுக்குப் போகலாம். தோற்றால் எல்லாம் அதோடு முடிந்தது.

ஞாயிறு மத்தியானம் மச்சாள் பிள்ளைகள் இருவரையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டா. ஐனோ இடியப்பத்தைச் சுருட்டி எடுக்கப் பழகிக்கொண்டிருந்தாள். சொதி மேசையெல்லாம் தெறித்தது. "உவளைப் பாருங்கோ, ஐஸிலை அத்தனையையும் பிடிக்கிறாள், ஒரு இடியப்பத்தைப் பிடிக்கேலாது" என்று மச்சாள் சொல்ல, ஆரணி மொழிபெயர்த்தாள், எல்லாரும் சிரித்தார்கள். சிறிது நேரத்தில் ஆரணி அதே பகிடியைத் திரும்பவும், தான் முதல்முறை சொல்வதுபோல, ஐனோவுக்குச் சொன்னாள். ஐனோ திரும்பவும் சிரித்தாள். சிரித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

சாப்பிட்டதும் ஆரணி சோபாவில் சரிந்து நித்திரையானாள். ஐனோ கோப்பை கழுவ வந்தாள். தண்ணீர்க் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டு, சொல்லுக்குச் சொல் தேடித்தேடி, ஜெர்மனில் சொல்லத் தொடங்கினாள். அவளுக்கு ஜெர்மன் அரைவாசிதான். எனக்கும் லோண்ட்ரி ஜெர்மன்தான். அப்படியிருந்தும் எல்லாம் விளங்கியது.

தையில் ஒரு மட்சில் ஆரணியின் தலை பலகையில் அடிபட்டது. அன்றிரவு வாளிக்குள் சத்தி எடுத்தாள். பிறகு வெளிச்சம் ஒத்துவரவில்லை. இப்படி அடிபட்டால் அணியில் ஒரு சோதனை இருக்கிறது. பருவம் தொடங்கும்போதே எல்லாரையும் கொம்பியூட்டரில் இருத்தி, சொல்லுகளை நினைவில் வைக்கச் சொல்வார்கள், படம் வந்ததும் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். சுகமான தலை எவ்வளவு வேகம் என்று அதில் பதிவாகும். அடிபட்ட பிறகு திரும்பச் செய்வித்து இரண்டையும் ஒப்பிடுவார்கள். குறைந்திருந்தால் விளையாட விடமாட்டார்கள்.

"ஆனால் நாங்கள் முதல் சோதனையை வேண்டுமென்றே மெதுவாகச் செய்வோம்" என்றாள் ஐனோ. "தெரிந்த சொல்லைத் தெரியாது என்போம். பிந்தி அழுத்துவோம். அப்படிச் செய்தால், பிறகு அடிபட்டாலும் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு மூத்தவர்கள் முதல் கிழமையே இதைச் சொல்லிக்கொடுப்பார்கள். ஆரணிக்கு ஒருத்தி சொல்லிக்கொடுத்தாள். எனக்கு ஆரணி சொல்லித் தந்தாள். ஜப்பான் பிள்ளைக்கு நான்."

"நீ கோச்சிடம் சொல்லலாமே."

"சொன்னால் நானும் விளையாட முடியாது. ஒருவரும் என்னோடு பேசவும் மாட்டார்கள். உடுப்பு மாற்றுகிற அறையில் நடப்பது வெளியே போகக் கூடாது." கோப்பை ஒன்றை நெடுநேரம் துடைத்தாள். "எனக்கு நித்திரை இல்லை. அவள் மூச்சு விடுகிறாளா என்று எழும்பி எழும்பிப் பார்க்கிறேன். நீங்கள் அம்மா. நீங்கள் வந்தால் எல்லாம் சரியாகும் என்று இருந்தேன்."

அடுத்த நாள் ஆரணியைக் கோப்பிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடை நிறையப் படிக்கிற பிள்ளைகள். அவள் சுவரைப் பார்த்தபடி, தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு இருந்தாள். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. தெரிந்ததை அப்படியே கேட்டேன்.

"ஐனோ சொன்னவளோ?"

"நான் கண்டனான். மற்ற ஆக்களின்ரை வாங்கிலை போய் நிண்டதைக் கண்டனான்."

கோப்பிக் கோப்பையின் மூடியைக் கழற்றிப் பூட்டினாள். "ஒரு மட்ச் அம்மா. புதன்கிழமை ஒண்டுதான். பிறகு நான் ஐஸைத் தொடமாட்டன், சத்தியமா. டொக்ரரிட்டையும் போவம்."

"இப்ப போவம்."

"இப்ப போனால் முடிஞ்சுது. மூண்டு வருசமும் மற்றப் பிள்ளையள் தாய் தேப்பனோடை அதிலை நடக்கேக்கை நான் கரையிலை நிண்டு தடியாலை ஐஸைத் தட்டினனான். நீங்கள் எனக்காக வந்திருக்கிறீங்கள். அப்பா அங்கை எல்லாருக்கும் சொல்லிப்போட்டார். ஜேர்சி போடாமல் உங்களோடை நடக்கிறதோ? என்ன சொல்லி நடக்கிறது?"

என்னைக் கூப்பிட்டதால்தான் மறைத்திருக்கிறாள். நான் வராவிட்டால் ஒருவேளை தையிலேயே விளையாட்டை நிறுத்திப் படுத்திருப்பாள்.

"சொல்லிப்போடாதேங்கோ அம்மா."

நான் கோப்பையின் மூடியை எடுத்து இறுக்கிப் பூட்டினேன். அவள் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள்.

வீட்டுக்கு வந்து மச்சாளிடம், கோச்சுக்குச் சொல்ல ஆங்கிலத்தில் ஒரு வசனம் கேட்டேன். மச்சாள் சூட்டு மெத்தையில் காலை வைத்துக்கொண்டிருந்தா.

"மச்சாள், கோவிக்காதேங்கோ. நீங்கள் எல்லாத்துக்கும் பயப்பிடுற ஆள். பிளேனிலை கண்ணை மூடுறீங்கள், பஸ்ஸுக்குப் பயப்பிடுறீங்கள். உந்தப் பிள்ளையள் விழுந்து எழும்பித்தான் விளையாடுகினம். நாலு வருசம் பாடுபட்டதுக்கு ஒரு நாள் அவளுக்கு வேண்டாமே?"

அவ சொன்னதில் பிழை இல்லை. நான் எல்லாத்துக்கும் பயப்படுகிறவள்தான். பயந்தது எல்லாம் நடப்பதில்லை என்றும் எனக்குத் தெரியும். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பிப் போயிருக்கிறேன், அது அணைந்துதான் இருக்கும். இந்தப் பயத்தையும் அதோடு சேர்க்கப் பார்த்தேன். சேரவில்லை. அந்தக் கதவின் முன்னால் நின்ற நிலை கண்ணை விட்டுப் போகவில்லை.

புதன் மாலை மைதானம் நிறைந்திருந்தது. ஆரணி எனக்குத் தன் பழைய ஜேர்சியைப் போட்டுவிட்டாள். முதுகில் எங்கள் குடும்பப் பெயர், முழுதாக எழுத இடம் போதாமல் வளைந்து வளைந்து கிடந்தது. கண்ணாடியைக் கழற்றியிருந்தாள். வெளிச்சத்துக்குக் கண் நீர் வழிந்தது. பார்த்தவர்கள் அழுகிறாள் என்று நினைத்து அவளைத் தட்டிக்கொடுத்தார்கள்.

பேர் கூப்பிட்டார்கள். கம்பளத்தில் கால் வைத்தேன். தடித்த கம்பளம்தான், ஆனாலும் அடியில் ஐஸின் குளிர் சப்பாத்தால் ஏறியது. ஆரணி என் கையைக் கோத்திருந்தாள். நடக்கும்போது என் பக்கம் சாய்ந்தாள். ஆசையில் சாய்கிறாள் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். நான் அவளுடைய பாரத்தைத் தாங்கினேன். இரண்டு பக்கமும் வரிசையாக நின்ற பிள்ளைகள் தடியால் ஐஸைத் தட்டினார்கள். அந்தச் சத்தத்துக்கு அவள் ஒவ்வொரு தரமும் முகம் சுளித்தாள்.

முனையில் கோச் நின்றா. உயரமான, நல்ல முகமுள்ள பெண். எனக்கு ஒரு ரோசாப்பூத் தந்தா. படம் எடுக்கிறவர் சிரிக்கச் சொன்னார்.

நான் ஆரணியின் தலையில் கையை வைத்தேன். "ஹெட் நொட் குட்" என்றேன். "நோ பிளே."

கோச் குனிந்து கேட்டா. ஆரணி அவசரமாக ஏதோ சொல்லிச் சிரித்தாள். அம்மா பயந்தவள் என்று சொல்லியிருக்க வேண்டும். கோச்சும் சிரித்து என் தோளைத் தட்டினா, எல்லாத் தாய்மாரும் இதைத்தான் சொல்கிறார்கள் என்கிற மாதிரி. படம் எடுத்தாயிற்று. மற்றப் பெற்றோர் கரைக்குப் போனார்கள். ஆரணி தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு சறுக்கிப் போனாள்.

கம்பளத்தைச் சுருட்ட இரண்டு பேர் வந்தார்கள். நான் இறங்கவில்லை.

துணிந்து நின்றேன் என்று சொல்லமாட்டேன். கால் வரவில்லை. இறங்கினால் சுருட்டுவார்கள், சுருட்டினால் மட்ச் தொடங்கும். அவ்வளவுதான் தலைக்குள் ஓடியது. அவர்கள் கையைக் காட்டினார்கள். நான் தலையாட்டினேன். நடுவர் வந்தார், மெதுவாகக் கதைத்தார். "நோ" என்றேன். மேலிருந்து யாரோ விசில் அடித்தார்கள். மச்சாள் பலகையடியில் நின்று, "மச்சாள், வாங்கோ, எல்லாரும் பாக்கினம்" என்று கூப்பிட்டா. ஆரணி திரும்பிச் சறுக்கி வந்தாள்.

"அம்மா, போங்கோ. வெட்கமா இருக்கு. பிளீஸ் அம்மா."

"நீ வா. நானும் போறன்."

"என்ரை வாழ்க்கையை ஏன் இப்படிச் செய்யுறீங்கள்?"

அந்த நேரம் ஐனோ கோலை விட்டு வந்தாள். அவ்வளவு பாரமான உடுப்போடு, மெதுவாக. முகமூடியைக் கழற்றிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு கோச்சிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். நீளமாகச் சொல்லவில்லை. கோச்சின் முகம் மாறியதைக் கண்டேன். அவ ஆரணியைப் பார்த்தா, பிறகு வாங்கில் இருந்த பிள்ளைகள் எல்லாரையும் பார்த்தா. ஜப்பான் பிள்ளை தலையைக் குனிந்தாள். செக் பிள்ளையும் குனிந்தாள்.

அதன் பிறகுதான் நான் இறங்கினேன்.

அன்று நாலு பிள்ளைகளை விளையாட விடவில்லை. முதல் சோதனையை நம்ப முடியாதபோது வேறு வழியும் இல்லை. ஐனோவும், தலை குனிந்த அந்த இரண்டு பிள்ளைகளும் அதில் சேர்த்தி. கோலுக்கு ஒரு முதலாம் வருசப் பிள்ளை போனாள். அவளுக்கு உள்ளே போனது ஏழு கோல். ஒவ்வொன்றுக்கும் பின்னால் திரும்பி வலையைப் பார்த்தாள். அந்தப் பிள்ளையின் தாயும் எங்கோ சனத்துக்குள் இருந்திருப்பா.

மட்ச் முடிவதற்கு முன்னரே நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். டொக்டர் இளம் ஆள். இருட்டில் ஆறுதல், திரை பார்க்கக் கூடாது, படிக்கக் கூடாது, மாதக் கணக்கில் ஆகலாம், ஹொக்கி இனி வேண்டாம் என்றார். மச்சாள் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னா. இன்னொரு அடி விழுந்திருந்தால் என்று டொக்டர் தொடங்கியதை மட்டும் சொல்லவில்லை. கேட்டதற்கு, "விடுங்கோ மச்சாள்" என்றா. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பகிடி ஒன்றும் விடவில்லை.

பேஸ்மென்ரின் சின்ன யன்னலுக்கு மச்சாள் கறுப்புக் குப்பைப் பை ஒட்டினா. ஆரணி என் கட்டிலில் படுத்தாள். நான் நிலத்தில் படுத்தேன். அவள் என்னோடு பேசவில்லை. சோறு கொடுத்தால் தின்றாள், தண்ணீர் கொடுத்தால் குடித்தாள். இரவில் நானும் எழும்பி எழும்பி மூச்சைப் பார்த்தேன். அப்போதெல்லாம் ஐனோவை நினைத்துக்கொண்டேன். லீவைக் கூட்ட முடியுமா என்று ஓட்டலுக்கு எடுத்துக் கேட்டேன். பனிக்காலம், முடியாது என்றார்கள். படிப்பு முடியும்வரை பிள்ளையைத் தான் வைத்திருப்பதாக மச்சாள் சொன்னா.

நான் வெளிக்கிடுகிற காலை, ஆரணியின் ரெலிபோன் விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் திரை பார்க்கக் கூடாது.

"அம்மா" என்றாள். மட்சுக்குப் பிறகு முதல்முறை. "வாசியுங்கோ."

"எனக்கு இங்கிலிஸ் வாசிக்க வராதே பிள்ளை."

"எழுத்துத் தெரியுந்தானே. எழுத்தைச் சொல்லுங்கோ."

கட்டிலோரம் இருந்து, திரையை அவளுக்குப் படாமல் என் பக்கம் திருப்பி, ஜெர்மன் எழுத்துகளைச் சொல்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னேன். இருட்டில் அவள் அவற்றைச் சேர்த்துச் சேர்த்துக் கேட்டாள். முதலாவது கல்லூரி அலுவலகம். இரண்டாவது இவர். மூன்றாவது அணியின் கப்டன், நீளமான செய்தி. எழுத்து எழுத்தாகச் சொல்லி முடிக்க நெடுநேரம் எடுத்தது. நடுவில் ஆரணி ஒரு தடவை கையால் முகத்தை மூடினாள். நான் நிறுத்தினேன்.

"சொல்லுங்கோ" என்றாள்.

சொன்னேன். கடைசி வரியில் 'மதர்' என்ற சொல் வந்தது. அதற்கு முன்னால் இருந்த சொல் எனக்குத் தெரியாது. ஆனால் அது நல்ல சொல் இல்லை என்பது, அதைச் சொல்லும்போது அவள் மூச்சு நின்றதில் தெரிந்தது.

மேலே மச்சாள் காரை ஸ்ராட் பண்ணுகிற சத்தம் கேட்டது.

"என்னவாம் பிள்ளை?"

ஆரணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். பின்னால் கையை நீட்டி என் சட்டையின் நுனியைப் பிடித்தாள்.

"ஒண்டுமில்லை" என்றாள். "அம்மா பத்திரமாப் போய்ச் சேரட்டாம்."

"நல்ல பிள்ளை" என்றேன்.